பல் சேருதா?

முகத்தில் அடிபட்டு வருபவருக்கு முகத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். எங்கள் துறைக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். கன்னம் கிழிந்து தொங்கும், மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், சட்டையெல்லாம் ரத்தம். யாருக்கும் கண் அங்கேதான் போகும். ஆனால் முகக் காயத்து ரத்தம் மட்டுமே ஒருவருடைய பிரஷரை அடியோடு இறக்கிவிடுவது அபூர்வம். கை கால் சில்லிட்டு நாடி ஓடுகிறது என்றால் வயிற்றிலோ இடுப்பெலும்பிலோ தொடையிலோ வேறு ஏதோ உடைந்திருக்கிறது. அதைத் தேட வேண்டும். கன்னத்துத் தையல் காத்திருக்கும்.

அதற்கும் முன்னால் மூச்சு. பெயரைக் கேட்பேன். தெளிவான குரலில் பெயர் வந்துவிட்டால் மூச்சுப் பாதை அந்த நிமிடத்துக்குத் திறந்திருக்கிறது, மூளைக்கும் ரத்தம் போகிறது. கொறகொறவென்று சத்தம் மட்டும் வந்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

மதுரைப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த காலமெல்லாம் அடிக்கடி கண்ட காட்சி ஒன்று உண்டு. பைக்கில் போய் விழுந்த ஆள் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து, முன்பக்கமாகக் குனிந்து, வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வடிய விட்டுக்கொண்டிருப்பார். சுற்றியிருப்பவர்கள் "படுங்கண்ணே, படுங்க" என்று தோளைப் பிடித்து அமுக்குவார்கள். அவர் திமிறுவார். "குடிச்சிருக்காப்ல டாக்டரம்மா, அடங்க மாட்டேங்கிறாப்ல" என்று புகார் வரும். குடித்திருக்கவும் கூடும். ஆனால் அவர் திமிறுவது மூச்சுக்காக. நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும் தசை, மோவாய் எலும்பின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மோவாயின் இரண்டு புறமும் எலும்பு முறிந்துவிட்டால் நடுத்துண்டு பிடிமானம் இழந்து பின்னே சரியும்; நாக்கும் அதோடு போய்த் தொண்டையை அடைக்கும். குனிந்து உட்கார்ந்தால் நாக்கு தானாக முன்னுக்கு வரும், ரத்தமும் வெளியே போகும். யாரும் சொல்லித் தராமலே அவருடைய உடம்பு அதைக் கண்டுபிடித்துவிட்டது. மல்லாக்கப் படுக்கவைத்தால் ஆள் நீலம் பாய்ந்துவிடுவார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாடை உடையும் அளவுக்கு விழுந்தவருக்குக் கழுத்தெலும்பும் போயிருக்கலாம், அதனால் கழுத்தை அசைக்காமல் வைக்க வேண்டும் என்பது விதி. மூச்சா கழுத்தா என்று வந்தால், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நாலு பேர் சேர்ந்து உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். சக்‌ஷன் குழாயால் ரத்தக்கட்டியை உறிஞ்சிவிட்டு, தேவைப்பட்டால் நாக்கில் ஒரு தையல் போட்டு அந்த நூலை முன்னால் இழுத்துப் பிடிக்கலாம். பார்க்கக் கொடூரமாகத்தான் இருக்கும். கழுத்துக்குக் காலர் போடும்போதும், அது உடைந்த தாடையைப் பின்னால் தள்ளுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் முகம். முதல் வேலை, சலைனில் நனைத்த துணியால் முகத்தைக் கழுவுவது. காய்ந்த ரத்தத்துக்கு அடியில் பத்துக் காயம் இருப்பதுபோலத் தெரியும்; கழுவினால் இரண்டுதான் இருக்கும். சில நேரம் உல்டாவாக, தலைமுடிக்குள் ஒளிந்திருந்த பெரிய கிழிசல் அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது கண். இதில் அவசரம் உண்டு. இன்னும் ஒரு மணி நேரம் போனால் இமை வீங்கி மூடிக்கொள்ளும். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்தாலும் திறக்க முடியாது. வீக்கம் ஏறுவதற்குள் விரலைக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும், டார்ச் அடித்துக் கண் பாப்பாவைப் பார்க்க வேண்டும், மேலே கீழே பார்க்கச் சொல்ல வேண்டும். மேலே பார்க்கும்போது "ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றால் கண் குழியின் தரை உடைந்து தசை அதில் மாட்டியிருக்கலாம். வெள்ளை விழியில் ரத்தம் கட்டியிருந்தால், வெளிப்பக்கம் பார்க்கச் சொல்லி, அந்தச் சிவப்புக்குப் பின் எல்லை தெரிகிறதா என்று கவனிப்பேன். எல்லை தெரியாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், எலும்பு முறிவிலிருந்து கசிந்த ரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கண் முன்னே பிதுங்கி, கல்லாக இறுகி, பார்வை மங்கிக்கொண்டே வருகிறது என்றால் ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிப் பார்வை நரம்பை நெரிக்கிறது. இமையின் வெளி ஓரத்தை அங்கேயே வெட்டித் தளர்த்திவிட வேண்டும். ஸ்கேன் அறை வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தில் கண் போய்விடும்.

குழந்தைகளிடம் இது வேறு மாதிரி ஏமாற்றும். பந்து பட்டதாகவோ முழங்கை இடித்ததாகவோ சொல்வார்கள். கண் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், வீக்கமே இருக்காது. ஆனால் பிள்ளை வாந்தி எடுக்கும், நாடி மெதுவாகும். தலைக்காயம் என்று நினைத்து இரவெல்லாம் வைத்துப் பார்ப்பார்கள். குழந்தையின் எலும்பு வளைந்து திறந்து, தசையைக் கவ்விக்கொண்டு மறுபடி மூடிவிட்டிருக்கும். மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் மட்டும் நகராது. தாமதித்தால் அந்தத் தசை செத்துவிடும்.

இந்த இடத்தில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: "கண்ணுல அடிபட்டதுக்கு எதுக்கும்மா பல் டாக்டரு?" நியாயமான கேள்விதான். பல் மருத்துவம் படித்து, அதற்கு மேல் வாய் முகத் தாடை அறுவையும் படித்தவர்கள் நாங்கள். போர்டில் இருக்கும் அந்த நீளமான பெயரை யாரும் படிப்பதில்லை. ஈ.என்.டி.காரருக்கு மூக்கு, கண் மருத்துவருக்குக் கண், பிளாஸ்டிக் சர்ஜனுக்குத் தோல் என்று பிரித்துக்கொண்டாலும், கன்ன எலும்பு எல்லாருடைய எல்லையிலும் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறது. யார் பார்ப்பது என்ற சண்டை மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறு வேறு மாதிரி நடக்கும். அதை விடுவோம்.

கன்ன எலும்பை எதிரே நின்று பார்த்தால் ஏமாந்துபோவோம். நோயாளியின் தலைமாட்டில் நின்று, நெற்றிக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கன்ன மேட்டில் வைத்தால் ஒன்று தாழ்ந்திருப்பது தெரியும். அங்கிருந்து விரல் நகரும்: புருவ எலும்பு, கண்ணின் வெளி ஓரம், கீழ் விளிம்பு, காதை நோக்கிப் போகும் வளைவு, மூக்குத் தண்டு. கீழ் விளிம்பில் ஒரு படி தட்டுப்படும். "இந்தப் பக்கம் கன்னமும் மேல் உதடும் மரத்துப்போன மாதிரி இருக்கா?" என்று கேட்டால் "ஆமா, ஊசி போட்ட மாதிரி இருக்கு" என்பார். முறிவு, நரம்பு வரும் துளை வழியாகப் போயிருக்கிறது. சிலரால் வாயை முழுக்கத் திறக்க முடியாது. உள்ளே அமுங்கிய வளைவு, கீழ்த்தாடையின் முன்கொம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். மூக்குக்குள் டார்ச் அடித்து, நடுச்சுவர் நீலமாக உப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த ரத்தக்கட்டியை அன்றே வடிக்காவிட்டால் குருத்தெலும்பு கரைந்து மூக்கு நடுவில் அமுங்கிப்போகும்.

மேல்தாடையைச் சோதிக்க ஒரு கையால் மேல் முன்பற்களைப் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும். மறு கை மூக்குத் தண்டில் இருக்க வேண்டும். பற்களும் அண்ணமும் மட்டும் அசைந்தால் ஒரு வகை. மூக்கும் சேர்ந்து அசைந்தால் இன்னொன்று. கன்ன எலும்போடு முகமே மண்டையிலிருந்து கழன்று அசைந்தால் மூன்றாவது. பிரான்சின் லீல் நகரில் ரெனே லெ ஃபோர் என்ற மருத்துவர் பிணங்களின் தலைகளில் விதவிதமாக அடி கொடுத்து ஆராய்ந்து, முகம் இந்தக் கோடுகளில்தான் பிளக்கிறது என்று 1901இல் எழுதினார். மூன்று வகையும் இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. பஸ்ஸும் லாரியும் மோதி வரும் முகங்கள் அந்தக் கோடுகளை அவ்வளவு ஒழுங்காக மதிப்பதில்லை. வலப்பக்கம் ஒரு வகை, இடப்பக்கம் வேறொரு வகை என்று இருக்கும். எதுவானாலும், மூக்கிலிருந்து தண்ணீர்போல வடிகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று கேட்டுவிடுவேன். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருந்தால் மண்டையோட்டின் அடித்தளம் விரிந்திருக்கிறது. அந்த நிலையில் வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபை மூக்கு வழியாகச் செருகக் கூடாது.

இனி கீழ்த்தாடை. முகப் பரிசோதனை முழுவதிலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்க அனுமதி என்றால் நான் கேட்பது இதைத்தான்: "பல் சேருதா?"

அடிபட்டவருக்கு எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தன் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிச் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தினமும் எத்தனையோ தடவை கடித்துப் பழகிய வாய். ஒரு முடியளவு மாறினாலும் நாக்கும் பல்லும் சொல்லிவிடும். "முன்ன மாதிரி சேரல, இந்தப் பக்கம் மட்டும் முட்டுது" என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்ரே ஒன்றுமில்லை என்றாலும் நான் அவரைத்தான் நம்புவேன். படத்தை இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொல்வேன்.

மயக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது. அப்போது பற்களின் தேய்மானம் உதவும். பல ஆண்டுகள் உரசி வழவழப்பான இடங்கள் மேலும் கீழும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால், கோணல் பிறவியா நேற்று வந்ததா என்று தெரிந்துவிடும். வீட்டாரிடம் சிரித்த மாதிரி போட்டோ கேட்பேன். முன்பெல்லாம் கல்யாண ஆல்பம் வரும். இப்போது செல்போனிலேயே கிடைத்துவிடுகிறது.

பல் எண்ணிக்கையும் முக்கியம். ஒன்று குறைந்தால் அது எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். ரோட்டில் கிடக்கலாம், உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், வயிற்றுக்குப் போயிருக்கலாம். நுரையீரலுக்குள் போயிருந்தால் ஆபத்து. கணக்கு இடிக்கும்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். பல்செட் போட்டவர்களுக்கும் இதே விதிதான்.

பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பேன். வாயின் தரையில் கருநீலமாக ரத்தம் பரவியிருந்தால் தாடை முறிந்திருக்கிறது என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம். கீழ் உதடு ஒரு பக்கம் மரத்திருந்தால் முறிவு நரம்புக் கால்வாய் வழியே போயிருக்கிறது. நாக்கை அமுக்கிப் பார்க்கும் மரச்சட்டத்தைக் கடைவாயில் கடிக்கச் சொல்லி, நான் வெளியே முறுக்குவேன். சட்டம் படாரென்று ஒடியும்வரை கடித்துப் பிடித்தால் தாடை பெரும்பாலும் நலம். வலியில் வாயை விட்டுவிட்டால் படம் எடுக்க வேண்டும். செலவு ஒரு மரச்சட்டம்தான், கரண்ட்டும் வேண்டாம்.

ஒரு முறிவைக் கண்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் மட்டும் உடைவது எப்படி அரிதோ, தாடையும் அப்படி. வலப்பக்கம் மோவாயருகே முறிந்திருந்தால் விரல் உடனே இடப்பக்கக் காதின் முன்னால் போக வேண்டும். அங்கேதான் தாடையின் கழுத்து இருக்கிறது, ஒல்லியாக.

நான் திரும்பத் திரும்பக் கண்ட கொடுமை இந்தக் கழுத்தில் நடப்பதுதான். குழந்தை மோவாய் அடிபட விழும். திண்ணையிலிருந்தோ, சைக்கிளிலிருந்தோ, மாடிப்படியிலிருந்தோ. மோவாய்க்கு அடியில் சின்னக் காயம். பக்கத்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு, "ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிடுவார்கள். மோவாயில் விழுந்த அடி எலும்பு வழியாக மேலேறி இரண்டு காதுக்கும் முன்னாலுள்ள மூட்டை நொறுக்கியிருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளை நாலு நாள் வலிக்கு வாயைத் திறக்காது. அம்மா கஞ்சி ஊட்டுவாள். வலி போய்விடும், வாய் மட்டும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். மூட்டுக்குள் கட்டிய ரத்தம் எலும்பாக மாறி, தாடையை மண்டையோடு ஒட்டிவிடும்.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை என்னிடம் வரும். ஒரு விரல்கூட நுழையாத வாய். விழுந்த பல்லின் இடைவெளி வழியாகப் பிசைந்த சோற்றைத் தள்ளிப் பழகியிருக்கும். தாடை வளராததால் மோவாய் கழுத்துக்குள் ஒடுங்கியிருக்கும். தூங்கும்போது பெரிய மனிதரைப்போலக் குறட்டை. "எப்பவாச்சும் கீழ விழுந்தானாம்மா?" என்றால் "அப்படியெல்லாம் இல்லையே" என்பார்கள். தலையை அண்ணாத்திப் பார்த்தால் மோவாய்க்கு அடியில் ஒரு வெளுத்த தழும்பு இருக்கும். அதைக் காட்டினால்தான் அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஆமா, அப்ப கைப்புள்ள..." என்று ஆரம்பிப்பார். ஒட்டிய எலும்பை வெட்டி எடுப்பது பெரிய அறுவை. அதற்கு மேல் பிள்ளை மாதக்கணக்கில் வலியோடு வாய்ப் பயிற்சி செய்ய வேண்டும். அன்றைக்குத் தையல் போட்டவர் வாயைத் திறந்து மூடச் சொல்லி, காதுகளுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் ஒதுங்கினால் முறிவு அந்தப் பக்கம். கடைவாய் மட்டும் முட்டி முன்பல் திறந்தே நின்றால் இரண்டு பக்கமும். காதுக்குள்ளிருந்து ரத்தம் வந்தால் மண்டையடியையும் தாடைக் கழுத்தையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளுக்கு இந்த முறிவில் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். சில நாள் ஓய்வு, பிறகு விடாமல் வாயை அசைக்கவைப்பது. ஆனால் முறிவு இருக்கிறது என்று முதலில் யாருக்காவது தெரிய வேண்டும்.

அடிபடாமலே தாடைத் தொல்லையோடு வருகிறவர்களும் உண்டு. கொட்டாவி விட்டவர், பல் பிடுங்க ரொம்ப நேரம் வாயைத் திறந்து வைத்திருந்தவர். வாய் திறந்தபடி நிற்கும், எச்சில் ஒழுகும், பேச்சு வராது, கண்ணில் பீதி. எலும்பு உடையவில்லை, மூட்டு நழுவியிருக்கிறது. கட்டைவிரல்களில் துணி சுற்றிக் கீழ்க் கடைவாயில் வைத்து, கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினால் டக்கென்று உட்காரும். விரலை உடனே எடுக்கத் தெரிய வேண்டும். கிட்டத்தட்ட இதே முறை, கி.மு. 1600ஐ ஒட்டிய எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் இருக்கிறது. எட்வின் ஸ்மித் சுவடி என்பார்கள்.

படம் எடுப்பது இதற்கெல்லாம் பிறகு. ஓ.பி.ஜி. எக்ஸ்ரே தாடை முழுவதையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும். ஆனால் மோவாயின் நடுப்பகுதியில் முதுகெலும்பின் நிழல் விழுந்து மங்கிவிடும். அங்கே இருக்கும் முறிவு தப்பித்துக்கொள்ளும். நேர்ப்படம் ஒன்றும் எடுத்தால்தான் உறுதி. இப்போது சி.டி.யில் முப்பரிமாணப் படம் வருகிறது. உறவினர்கள் அதைச் செல்போனில் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுகிறார்கள். எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் கைவைத்துப் பார்க்காமல் நேரே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு ஒப்புவதில்லை. உதடு மரத்திருப்பதோ பல் சேராததோ ஸ்கேனில் வராது.

தை மாதம் வந்தால் எங்கள் பக்கம் வேறு வகைக் காயம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு. மாட்டுக் கொம்பு மோவாய்க்கு அடியில் ஏறினால் வெளியே ஒரு ரூபாய் அளவுக்குத்தான் துளை தெரியும். உள்ளே வாயின் தரையைக் கிழித்து அண்ணம்வரை போயிருக்கும், மண்ணும் சாணமும் சேர்த்து. துளையைப் பார்த்துக் காயத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் கிடையாது. ஹெல்மெட் விஷயமும் இங்கே சொல்ல வேண்டும். 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் கெடுபிடி வந்தபிறகு போலீசுக்காக அரை ஹெல்மெட் வாங்கினவர்கள் ஏராளம். மண்டை தப்பும், மோவாய் அப்படியே வெளியே நிற்கும். வாரைப் போடாவிட்டால் மண்டையும் தப்பாது.

போலீஸ் என்றதும் இன்னொன்று. அடிதடிக் கேஸ் என்றால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் பதிவு உண்டு, காயச் சான்று கொடுக்க வேண்டும். ஏட்டு வந்து கேட்பது ஒரே கேள்வி: "சிம்பிளா கிரீவஸாம்மா?" இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவில் இருந்ததுதான் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவு. எலும்போ பல்லோ உடைந்தாலும் இடம் பெயர்ந்தாலும் கிரீவஸ், அதாவது கொடுங்காயம். ஒரு பல் போனால் வழக்கின் கனமே மாறிவிடும். அதனால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. புதிதாகப் போன பல்லின் குழியில் ரத்தக்கட்டி இருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும், உதட்டின் உட்பக்கம் எங்காவது காயம் இருக்கும். ஈறு தேய்ந்து, காறை படிந்து, மற்ற பல்லும் ஆடினால் அதையும் சான்றில் எழுதிவிடுவேன்.

எழுதச் சங்கடமான சான்றுகள் வேறு. "வழுக்கி விழுந்துட்டேன்" என்று ஒரு பெண் வருவாள். வழுக்கி முகம் குப்புற விழுகிறவருக்கு மோவாய், மூக்கு, நெற்றி, உள்ளங்கை என்று முன்னால் துருத்தியிருக்கும் இடங்களில் காயம் இருக்கும். இவளுக்கு இடது கன்ன எலும்பு அமுங்கி, இடது தாடைக் கோணம் முறிந்திருக்கும். உள்ளங்கையில் சிராய்ப்பே இல்லை. முன்னங்கையில் மட்டும் கன்றிப்போன தடம். எதிரே நிற்கும் வலது கைக்காரனின் குத்து விழும் இடம் அது. கணவர் பக்கத்திலேயே நின்று அவளுக்குப் பதிலாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எக்ஸ்ரே அறைக்குள் நோயாளி மட்டும்தான் வர வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, "உண்மையில என்ன நடந்துச்சு?" என்று கேட்பேன். சிலர் சொல்வார்கள். சொல்லாதவர்களுக்கும், காயத்தின் இடமும் வடிவும் சொன்ன காரணத்தோடு பொருந்தவில்லை என்று பதிவில் எழுதிவைப்பேன். பிறகு ஒருநாள் அவளுக்கு அது தேவைப்படலாம்.

அறுவை அறையிலும் முதலில் பல்லைத்தான் சேர்க்கிறோம். மேல் பல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் பட்டை கட்டி, கம்பியால் இரண்டையும் பிணைத்து, கடி பழையபடி பொருந்தியபிறகுதான் டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும். எலும்பு கண்ணுக்கு அழகாகச் சேர்ந்து கடி சேரவில்லை என்றால் தகட்டைக் கழற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். தகடு இல்லாமல் கம்பிக் கட்டிலேயே விடுகிறவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் வாய் பூட்டு. கேப்பைக் கூழ், பருப்புத் தண்ணி, கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக ஸ்ட்ரா. அந்த வார்டில் ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் கம்பி வெட்டும் கட்டர் ஒன்று கட்டித் தொங்கவேண்டும். வாந்தி வந்தால் எந்தக் கம்பிகளை வெட்டுவது என்று நர்சுக்கும் கூட இருக்கும் உறவினருக்கும் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் நான் இரவு கிளம்புவேன். மேலிருந்து கீழே போகும் கம்பிகளை மட்டும். பட்டையைத் தொடக் கூடாது.